மோட்டார் சைக்கிள் கிளட்ச்: கோளாறு காணலும் சீர்செய்தலும்

பஸ் செல்லாத ஊர்களில் பணியாற்றும் விவசாய விரிவாக்க ஊழியருக்கும், கால்நடை உதவியாளருக்கும், சுகாதாரப் பணியாளருக்கும் மோட்டார் சைக்கிள் இன்றியமையாத ஒரு கருவியாகும். தடுப்பு மருந்துப் பெட்டி குளிர்ச்சி குன்றுமுன் ஊர் சேர்வதும், நோயுற்ற கால்நடைக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைப்பதும் பல இடங்களில் இவ்வண்டியையே பொறுத்துள்ளன. அது மலைச்சாலையின் நடுவே ஏற மறுத்து நின்றுவிடுமாயின், இழப்பு ஒருவருடைய பயணத்தோடு முடிவதில்லை.

இவ்வாறு வண்டி நின்றுவிடுவதற்குரிய காரணங்களுள் கிளட்ச் கோளாறும் ஒன்று. ஆனால் அது பெரும்பாலும் திடீரென நேர்வதன்று. பல வாரங்களுக்கு முன்னரே தன் வரவை அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை உணர்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. பள்ளி மாணவர் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே போதும். எதை அளப்பது, அளவு மாறினால் அதற்கு என்ன பொருள் கொள்வது என்பவற்றை அறிந்திருத்தலே முக்கியம்.

கிளட்சின் அமைப்பு

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சுழற்சியைக் கியர்ப்பெட்டியிலிருந்து பிரிக்கவும், மீண்டும் படிப்படியாக இணைக்கவும் உதவும் உறுப்பே கிளட்ச். இந்தியாவில் ஓடும் கியர் வண்டிகளில் பெரும்பாலானவை எண்ணெயில் நனைந்து இயங்கும் பலதட்டுக் கிளட்சைக் கொண்டவை.

இதில் இருவகைத் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. உராய்வுப் பொருள் பதிக்கப்பட்ட தட்டுகளின் வெளிவிளிம்பிலுள்ள பற்கள், எஞ்சினால் சுழற்றப்படும் வெளிக்கூட்டின் வெட்டுகளில் பொருந்துகின்றன. எஃகுத் தட்டுகளின் உள்விளிம்புப் பற்கள், கியர்ப்பெட்டியின் தண்டோடு இணைந்த உள்மையத்தில் பொருந்துகின்றன. இவ்வடுக்கினை ஓர் அழுத்துதட்டும், ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில்கள் சிலவும் எப்போதும் நெருக்கிப் பிடித்துக் கொண்டிருக்கின்றன.

இங்கு ஒன்றைத் தெளிவாக மனத்தில் இருத்த வேண்டும். கிளட்சை இணைத்து வைப்பது சுருள்வில்லே. கைப்பிடியிலுள்ள நெம்புகோல் அதனை விடுவிப்பதற்கு மட்டுமே உரியது. நெம்புகோலை இழுக்கும்போது கேபிள் ஒரு சிறு கையை அசைக்கிறது. அக்கை தள்ளுகோலின் வாயிலாக அழுத்துதட்டைச் சிறிது தூக்குகிறது. நெருக்கம் நீங்கிய தட்டுகள் தனித்தனியே சுழலத் தொடங்குகின்றன.

இச்செயலில் பங்குபெறும் கேபிள் பௌடன் கேபிள் என்னும் வகையைச் சேர்ந்தது. 1896ஆம் ஆண்டில் பிரிட்டனில் எர்னஸ்ட் பௌடன் என்பார் இதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். உள்ளே இழுக்கப்படும் கம்பியும், அதன் இழுப்பைத் தாங்கி நிற்கும் உறையும் சேர்ந்து, வளைந்த பாதையிலும் விசையைக் கொண்டு செல்கின்றன. சைக்கிள் பிரேக்கிலும் இதே கேபிளைக் காணலாம்.

சென்னையில் 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தின் வாயிலாக நாடெங்கும் பரவிய புல்லட் வண்டியின் பழைய வகைகளில், தள்ளுகோல் கியர்ப்பெட்டியின் முதன்மைத் தண்டின் உட்புறமாகவே நீண்டு செல்கிறது. அவற்றில் கிளட்சும் சங்கிலியும் அடங்கிய பெட்டிக்குத் தனி எண்ணெய் ஊற்றப்படுகிறது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர் விளங்கும்.

உராய்வின் கணக்கு

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை நான்கு அளவுகளின் பெருக்கற்பலன் ஆகும்: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், சுருள்வில்களின் மொத்த அழுத்தம், தட்டின் சராசரி ஆரம்.

எடுத்துக்காட்டாக, ஐந்து உராய்வுத் தட்டுகள் உள்ள கிளட்சில் உராயும் பரப்புகள் பத்து. எண்ணெயில் உராய்வுக் குணகம் 0.1 என்றும், நான்கு சுருள்வில்கள் ஒவ்வொன்றும் 250 நியூட்டன் வீதம் 1,000 நியூட்டன் அழுத்துவதாகவும், சராசரி ஆரம் 5 செ.மீ. என்றும் கொண்டால், கிளட்ச் 50 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கும். 100 சி.சி. எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். இடையிலுள்ள பற்சக்கரங்களால் அது நான்கு மடங்காகிக் கிளட்சை அடைவதாகக் கொண்டால் 32 ஆகும். ஆகவே 50க்கும் 32க்கும் இடையே போதிய பாதுகாப்பு உள்ளது.

இனி, கேபிள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நெம்புகோலை யாரும் தொடாதபோதும் அது சிறிது இழுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். சுருள்வில்லின் அழுத்தத்தில் ஒரு பகுதி கேபிளைத் தாங்குவதிலேயே செலவாகிவிடும். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் கிளட்ச் தாங்குவது 25 மட்டுமே. எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்டும் ஏற்றத்தில் தட்டுகள் நழுவத் தொடங்கும். சமவெளியில் குறையின்றி ஓடிய வண்டி மலையில் மட்டும் தடுமாறுவதன் காரணம் இதுவே.

தளர்வு: கிளட்சின் நாடி

நெம்புகோலை மெல்ல இழுத்தால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி வரும். அதன்பின்னரே சுருள்வில்லின் கனம் கைக்குத் தெரியும். எதிர்ப்பற்ற இத்தூரமே தளர்வு. பட்டறைகளில் இதனைப் ‘பிளே’ என்பர். 100 முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகள் பலவற்றில் இது நெம்புகோலின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். நெம்புகோலின் அடியில், அதற்கும் அதன் பிடிக்கும் இடையிலுள்ள இடைவெளியாக அளந்தால் இது ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. ஆகும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவை அதன் கையேட்டிலிருந்து அறிந்துகொள்ளல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே முறை.

இத்தளர்வு ஓட்டத்தினால் இரு காரணங்களால் மாறுகிறது. அவை எதிர்த்திசையில் செயற்படுகின்றன. உராய்வுத் தட்டுகள் தேயும்போது அடுக்கின் தடிமன் குறைகிறது. அழுத்துதட்டு உள்நோக்கி நகர்ந்து தள்ளுகோலை நெருங்குகிறது. ஆதலால் தளர்வு குறைகிறது. கேபிளின் உள்கம்பி நீண்டாலும், அதன் இழைகள் அறுந்தாலும், உறை அமுங்கினாலும் தளர்வு கூடுகிறது.

சுருங்கக் கூறின், தளர்வு குறைந்து வந்தால் தட்டுகளை ஐயுற வேண்டும். கூடி வந்தால் கேபிளை ஐயுற வேண்டும். நெடுநாள் ஓடிய வண்டியில் தேய்மானத்தினால் தளர்வு முற்றும் மறைந்துவிட, அதனை எவரும் கவனியாதிருப்பின், முன்கூறிய கணக்கின்படி கிளட்ச் நழுவும், நழுவுவதால் சூடேறும், சூட்டினால் மேலும் விரைவாகத் தேயும். இவ்விஷச் சுழலைத் தொடக்கத்திலேயே தடுக்கச் சரிசெய் திருகின் அரைச்சுற்று போதியதாகும்.

இருவகைக் கோளாறுகள்

கிளட்சின் கோளாறுகளுள் பெரும்பாலானவை இரண்டில் அடங்கும். இணைந்திருக்க வேண்டியபோது நழுவுதல் ஒன்று. விடுபட வேண்டியபோது விடுபடாமை மற்றொன்று.

நழுவலின் அறிகுறிகள்: ஆக்ஸிலரேட்டரைத் திருப்பினால் எஞ்சினின் ஒலி உயரும், வண்டியின் வேகம் உயராது, எரிந்த நாற்றம் வீசும், பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். போக்குவரத்தற்ற சமதளச் சாலையில் உயர் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, ஆக்ஸிலரேட்டரைச் சட்டெனத் திருப்பிப் பார்த்தால் இது வெளிப்படும். பழைய புல்லட் வகையில் கிக் உதையும் கிளட்சின் வழியாகவே எஞ்சினை அடைவதால், உதைக்கும்போது கால் வெறுமனே இறங்கினாலும் நழுவலை ஐயுறலாம்.

விடுபடாமையின் அறிகுறிகள்: முதல் கியர் விழும்போது பேரொலி எழும், வண்டி நிற்கும்போது நியூட்ரல் கிடைப்பது அரிதாகும், நெம்புகோலை முழுவதும் இழுத்த பின்னும் வண்டி முன்னோக்கி ஊரும். சிறுவர் நடமாடும் தெருவில் இது ஆபத்தானது. பரிசோதிக்க, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் சூடான பின் நெம்புகோலை முழுவதும் இழுத்து முதல் கியரில் இட வேண்டும். எண்ணெயின் பிசுக்கினால் பின்சக்கரம் மெல்லச் சுழல்வது இயல்பே. பின்பிரேக்கை இலேசாக அழுத்தியவுடன் சக்கரம் நின்று, எஞ்சின் தொடர்ந்து ஓடினால் குறையில்லை. எஞ்சின் திணறினாலோ அணைந்தாலோ கிளட்ச் விடுபடவில்லை என்பது தெளிவு. சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்த முயலுதல் கூடாது.

விடுபடாமைக்கும் ஒரு கணக்கு உண்டு. அழுத்துதட்டு ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே தூக்கப்படுவதாகக் கொள்வோம். இது பத்துப் பரப்புகளுக்கிடையே பகிரப்பட்டால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் இடைவெளி 0.2 மி.மீ. தான். இத்தூக்கலுக்குக் கேபிள் 10 மி.மீ. நகர வேண்டுமெனில், மிகுதியான தளர்வினால் அதில் 5 மி.மீ. வீணானால் இடைவெளி 0.1 மி.மீ. ஆகச் சுருங்கும், தட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே சுழலும். ஒரே ஓர் எஃகுத் தட்டு சிறிது கோணியிருந்தாலும் விளைவு இதுவேயாகும்.

மழைக்காலத்தில் பல நாள் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. எஞ்சினை இயக்காமல் கியரில் இட்டு, நெம்புகோலை இழுத்தவாறே வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அவை விடுபடும். கிக் கிளட்சின் வழியே செல்லும் பழைய வண்டிகளில், நியூட்ரலில் நெம்புகோலை இழுத்துக்கொண்டு சில முறை உதைத்தாலும் போதும்.

சீர்செய்யும் முறை

எளியதை முதலிலும் கடியதை இறுதியிலும் செய்தல் வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

1. எஞ்சினைக் குளிரவிட்டு, இருக்கும் தளர்வை அளந்து எழுதிக்கொள்க. திருகைத் தொட்ட பின் பழைய அளவு திரும்பக் கிடைக்காது. நோயைக் காட்டும் சான்றும் அழிந்துவிடும்.

2. கைப்பிடியருகிலுள்ள மேல் சரிசெய் திருகை முழுவதும் உட்புறம் திருகி, கேபிளை நன்கு தளர்த்துக.

3. தள்ளுகோலுக்கெனத் தனித் திருகு உள்ள வண்டியாயின், அதன் லாக் நட்டைத் தளர்த்தி, தள்ளுகோலை மெல்லத் தொடும்வரை திருகை உள்ளே செலுத்துக. பின்னர்க் கையேடு கூறும் அளவு, பொதுவாகக் கால்சுற்றுக்கு மேற்படாமல், பின்வாங்குக. திருப்புளியால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குக. இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடுதலே இங்கு வழக்கமாக நேரும் பிழை.

4. எஞ்சினருகிலுள்ள கீழ்ச் சரிசெய் திருகினால் கேபிளின் பெருந்தளர்வை நீக்குக.

5. மேல் திருகினால் நுனித் தளர்வை உரிய அளவுக்குக் கொணர்ந்து, பூட்டு வளையத்தை இறுக்குக.

6. கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்க்குக. எந்த நிலையிலும் தளர்வு மறைதல் கூடாது. மறையுமாயின், கேபிள் செல்லும் பாதை தவறானது.

இதன்பின் முற்கூறிய இரு பரிசோதனைகளையும் செய்து பார்த்தால், குறை நீங்கியதா என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

கேபிளின் பராமரிப்பு

நெம்புகோல் கனமாயிருப்பின், கேபிளைக் கீழ்முனையில் கழற்றி அதனைத் தனியே அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கடினமாக வந்தால் குறை கேபிளில் உள்ளது; எளிதாக வந்தால் குறை விடுவிக்கும் உறுப்புகளில் உள்ளது.

கேபிள் பெரும்பாலும் நெம்புகோலுக்குள் அமரும் நிப்பிளை ஒட்டியே அறுகிறது. நிப்பிள் உலர்ந்து தன் குழியில் திரும்ப மறுத்தால், ஒவ்வோர் இழுப்பிலும் கம்பி அதே இடத்தில் வளைகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. சிறிது கிரீஸ் இட்டால் இது தவிர்க்கப்படும். தளர்வு ஒரே நாளில் மிகுதியாகக் கூடியிருந்தால் திருகைத் திருப்பி அதனை மறைத்துவிடலாகாது. நிப்பிளருகே இழை அறுந்துள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். ஓரிழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுவதே அறிவுடைமை. தொலைவிடங்களுக்குச் செல்வோர் பழைய கேபிளின் பக்கத்திலேயே புதிய கேபிளொன்றையும் வண்டியில் கட்டி வைத்திருத்தல் நல்ல வழக்கம்.

உறைக்குள் எண்ணெய் செலுத்த, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி மேல்முனையில் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சில துளிகள் விட்டு இரவு முழுவதும் தொங்கவிடலாம். உட்புறம் நைலான் பூச்சு உள்ள கேபிள்களுக்குக் கையேடு கூறுவதையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெயும் கிளட்சும்

எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய் உள்ள வண்டிகளில் எண்ணெயின் தேர்வு கிளட்சின் நலத்தைத் தீர்மானிக்கிறது. கார்களுக்கென விற்கப்படும் எண்ணெய்கள் சிலவற்றில், எரிபொருளைச் சேமிக்கும்பொருட்டு உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலக்கப்படுகின்றன. எஞ்சினுக்கு நன்மை தரும் அதே குணம் நனைந்த கிளட்சுக்குத் தீங்காகிறது. இதனை முன்னிட்டே ஜப்பானியத் தர அமைப்பு 1998இல் ஜாசோ எம்.ஏ., எம்.பி. என்னும் பிரிவுகளை வகுத்தது. நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு எம்.ஏ. பிரிவே உரியது. எண்ணெய் மாற்றிய சில நாட்களில் நழுவல் தோன்றினால், தட்டுகளை வாங்குவதற்கு முன் எண்ணெய் டப்பாவின் முகப்பைப் படித்தல் வேண்டும்.

மூடியைத் திறந்த பின்

தளர்வும், கேபிளும், எண்ணெயும் சரியாயிருந்தும் குறை நீங்காவிடில் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். உராய்வுத் தட்டுகளின் தடிமனை வெர்னியரால் அளந்து கையேட்டின் எல்லையுடன் ஒப்பிட வேண்டும். எஃகுத் தட்டுகளைச் சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்து, அடியில் ஃபீலர் தகட்டைச் செலுத்திக் கோணலை அறியலாம், 0.2 மி.மீ. அளவைப் பல கையேடுகள் எல்லையாகக் கொள்கின்றன. நீலம் பாய்ந்த தட்டு மிகுந்த சூட்டிற்கு உட்பட்டதாகும். சுருள்வில்களின் நீளத்தையும் அளக்க வேண்டும். ஒன்று குறைந்திருப்பினும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்ற வேண்டும். அழுத்தம் சமமின்றிப் போனால் அழுத்துதட்டு சாய்வாகத் தூக்கப்பட்டு, ஒரு பக்கம் விடுபடாமல் நிற்கும்.

வெளிக்கூட்டின் வெட்டுகளில் தட்டின் பற்கள் மோதிக் குழி விழுந்திருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. குழியில் சிக்கிய தட்டு நகர மறுக்கும். சிறு குழிகளை மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானவற்றுக்குப் புதிய கூடே தீர்வு. புதிய உராய்வுத் தட்டுகளைப் பொருத்துமுன் வண்டிக்குரிய எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். பழைய தட்டுகளின் உராய்வுப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடுமாதலால், அவற்றைத் தேய்ப்பதோ, உலர்ந்த தூசியைக் காற்றால் ஊதுவதோ கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வகுப்பறைப் பரிசோதனை

பலதட்டுக் கிளட்சின் தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். ஒரே அளவான அட்டைப் பட்டைகள் சிலவற்றை எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரு மாணவர் பிடித்துக்கொள்ளுமாறு மேசைமேல் அடுக்கி, அடுக்கின்மேல் ஒரு செங்கல்லை வைக்கவும். ஆளுக்கு ஒரு பட்டை இருக்கும்போது எளிதில் இழுபடும். ஆளுக்கு ஐந்து பட்டைகளாக்கினால், அதே செங்கல்லின் கீழ் இழுப்பதற்குப் பன்மடங்கு விசை வேண்டும். செங்கல்லைச் சிறிது தூக்கியவுடன் பட்டைகள் விடுபடும். செங்கல்லே சுருள்வில்; அதைத் தூக்கும் கையே நெம்புகோல். செங்கல்லை ஒருவர் பாதி தாங்கிக்கொண்டிருக்க மீண்டும் இழுக்கச் செய்தால், தளர்வற்ற கேபிளின் தீங்கு மாணவருக்கு நன்கு விளங்கும்.

ஓட்டுபவரின் கை

எவ்வளவு சீராக அமைத்தாலும், நெம்புகோலின்மீது இரு விரல்களை எப்போதும் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் அதனைப் பயனற்றதாக்கிவிடும். அவ்விரல்கள் தளர்வை அழித்து, செங்கல்லைப் பாதி தாங்கும் கையாகவே செயற்படுகின்றன. ஏற்றத்தில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் அரைக்கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும், கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில் கிளட்சை நழுவவிடுவதும் இத்தகையனவே.

ஒவ்வொரு மாதமும் முதல் நாளன்று, வண்டி புறப்படுமுன், தளர்வை அளந்து ஓட்டக் குறிப்பேட்டில் கிலோமீட்டர் அளவின் பக்கத்தில் எழுதி வருதல் நன்று. சரிசெய்த நாளில் முன்னிருந்த அளவையும் பின் அமைத்த அளவையும் குறிக்க வேண்டும். சில மாதங்களில் அவ்வெண்களே, தேய்வது தட்டா, நீள்வது கேபிளா என்பதை உரைக்கும். இறுக்கமான கேபிளால் நழுவிய கிளட்சுக்குப் புதிய தட்டுகள் வாங்கி, கேபிளை அவ்வாறே விட்டு, அத்தட்டுகளையும் கருக்கிவிடும் வீண்செலவு அதனால் தவிர்க்கப்படும். மலைப்பாதையில் ஊழியரை எதிர்நோக்கியிருக்கும் ஊரும் ஏமாற்றமடையாது.